பக்கத்து சீட்

பிப்ரவரி 9

அன்புள்ள ஒட்டகத்துக்கு,

நீ வீட்டுக்குள் நுழையும்போது நான் மேலே ஆகாயத்தில் எங்கேயோ இருப்பேன். வழக்கம்போல உப்பு ஜாடிக்கு அடியில் இந்தக் காகிதம். சாப்பிட்டுவிட்டுப் படி. படித்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தால் உனக்கு இறங்காதோ என்று எனக்கு ஒரு பயம்.

முதலில் வீட்டுச் செய்தி. குளியலறைக் குழாய் மறுபடி சொட்டுகிறது. குழாய்க்காரர் "நாளைக்கு வரேன்மா" என்று சொல்லி ஒரு வாரம் ஆகிறது. அவருடைய நாளை எப்போது வரும் என்று அவருக்கே தெரியாது. உன் ஈரத் துண்டு மறுபடியும் என் தலையணை மேல். ஏழு வருஷமாகச் சொல்கிறேன், செவிடன் காதில் ஊதிய சங்குதான். அத்தை நேற்று போன் செய்து உன் காதைப் பற்றி விசாரித்தார்கள். "டாக்டர் பறக்கலாம்னு சொல்லி மூணு மாசம் ஆச்சு அத்தை, இப்ப ஒழுங்கா வேலைக்குப் போறாரு" என்றேன். "காது சரியாயிடுச்சா? அப்ப இனிமேலாவது நாம சொல்றது அவனுக்கு விழும்" என்றார்கள். உன் அம்மா முன்னால் உன்னை 'அவர், இவர்' என்று சொல்வதற்குள் எனக்கு மூச்சு வாங்கிவிடுகிறது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நேற்று ஆபீசில் கூப்பிட்டு ஒரு உறையைக் கொடுத்தார்கள். கேப்டன் பயிற்சிக்கு என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். படிக்கட்டில் உட்கார்ந்து மூன்று முறை படித்தேன். மொத்தம் பறந்த நேரம் நிறைந்துவிட்டது. இதே ரக விமானத்தில் பறந்த நேரமும் நிறைந்துவிட்டது. கேப்டன் மேற்பார்வையில் கேப்டன் வேலை பார்த்த நேரம் மட்டும் பாக்கி இருந்தது, அதுவும் போன மாதம் முடிந்தது. இனி எழுத்துத் தேர்வு, தரையிலேயே ஓட்டிப் பழகும் சிமுலேட்டர், பிறகு கேப்டனுக்கான இடது சீட்டில் உட்கார்ந்து பயிற்சிப் பயணங்கள், கடைசியில் பரிசோதனை. தேறினால் தோளில் நாலாவது கோடு.

நாம் இருவரும் ஒரே நாளில் துணை விமானியாகச் சேர்ந்தோம். சீனியாரிட்டியில் நீ எனக்கு ஒரு படி மேலே. பாழாய்ப்போன காது உன்னை ஒரு வருஷம் தரையில் கட்டிப்போடாமல் இருந்திருந்தால் இந்த உறை முதலில் உன் கைக்குத்தான் வந்திருக்கும். அதனால்தான் போனில் சொல்லாமல் எழுதுகிறேன். போனில் சொன்னால் நீ உடனே "ரொம்ப சந்தோஷம்" என்பாய். அவ்வளவு உடனே நீ சொல்வதைக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

கோபம் இருந்தால் அதையும் எழுது. சாப்பாடு ஃபிரிட்ஜில் மேல் தட்டில் இருக்கிறது. சூடு பண்ணாமல் சாப்பிடாதே.

உன்
கடுகு

*

பிப்ரவரி 11

அன்புள்ள கடுகுக்கு,

சாப்பிட்டுவிட்டுத்தான் படித்தேன். இறங்கிவிட்டது. ரொம்ப சந்தோஷம். பார், இரண்டு நாள் பொறுத்துத்தான் சொல்கிறேன்.

பறக்கும் பள்ளியில் முதுகுக்கு ஒன்றும் அடியில் இரண்டுமாக மெத்தை போட்டால்தான் உனக்குக் கண்ணாடிக்கு வெளியே உலகம் தெரியும். "சீட்ல யாராவது இருக்கீங்களா?" என்று நம் ஆசிரியர் எட்டிப் பார்த்துக் கேட்பார். அன்றைக்கு உனக்குக் கடுகு என்றும், கழுத்து நீண்ட எனக்கு ஒட்டகம் என்றும் பெயர் வைத்த புண்ணியவான் அவர். கடுகு சிறுத்தாலும் காரம் போகாது என்று பெரியவர்கள் சொல்லித்தான் வைத்தார்கள். நான்தான் அதை யோசிக்காமல் தாலி கட்டிவிட்டேன்.

பொய் சொல்ல மாட்டேன், வலிக்கிறது. உன்மேல் இல்லை. யார்மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. காது வலித்த வருஷம் முழுக்க ஜன்னல் பக்கம் உட்கார்ந்து மற்றவர்கள் ஓட்டுகிற விமானங்களின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேனே, அதே மாதிரி ஒரு கனம் நெஞ்சில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

எனக்குக் குறைவது மேற்பார்வை நேரம்தான். உனக்குத் தெரியாததா? கேப்டன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். கதவு மூடுவதிலிருந்து கதவு திறப்பதுவரை எல்லா முடிவையும் நான் எடுக்க வேண்டும். அவர் ஒருமுறை குறுக்கே வந்தால் போதும், அந்தப் பயணம் கணக்கில் சேராது. இந்தச் சட்டம் நம் வீட்டில் இருந்திருந்தால் ஏழு வருஷத்தில் எனக்கு ஒரு மணி நேரம்கூடச் சேர்ந்திருக்காது. துண்டை எங்கே போடுவது என்பதில்கூட நீ குறுக்கே வருகிறாய்.

அம்மாவிடம் நானே சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் பக்கத்து வீட்டு அம்மாவை வாசலுக்குக் கூப்பிட்டு, போனை வைக்காமலேயே செய்தி வாசித்துவிட்டாள். "எங்க மருமக ஏரோப்ளேன் ஓட்டப்போறா. பையனா? அவன் பக்கத்துல உக்காந்துப்பான்." பெருமையாகத்தான் சொன்னாள். அந்தப் பெருமையில் எனக்கு எவ்வளவு பங்கு என்றுதான் தெரியவில்லை.

இன்னொன்று. நம்மோடு படித்த சோடாபுட்டி பேசினான். அவன் இருக்கிற சின்னக் கம்பெனியில் கேப்டன்களுக்குத் தட்டுப்பாடாம். அங்கே கேட்கிற மணி நேரம் இங்கே கேட்பதைவிடக் குறைவு. என்னிடம் இப்போது இருப்பதே போதும், மூன்று மாதத்தில் இடது சீட் என்கிறான். ஊர் மட்டும் மாற வேண்டும். மாதத்துக்கு இரண்டு தடவை வீட்டுக்கு வந்து போகலாம். ஏப்ரல் முடிவதற்குள் பதில் கேட்கிறார்கள். சும்மா சொல்லிவைக்கிறேன்.

குழாயை நானே ஒரு துணி வைத்துக் கட்டியிருக்கிறேன். அவிழ்க்காதே.

ஒட்டகம்

*

மார்ச் 22

அன்புள்ள ஒட்டகத்துக்கு,

ஒரு மாதமாக நாம் எழுதிக்கொண்டதெல்லாம் "பால் வாங்கு", "வாஷிங் மெஷின் ஓடிக்கொண்டிருக்கிறது" அளவில் நின்றுவிட்டது. சிமுலேட்டர் முடிந்து நான் வந்து விழுந்த நாட்களில் நீ இல்லை, நீ வந்த நாட்களில் நான் உயிரோடு இருந்தேனா என்று எனக்கே ஞாபகம் இல்லை. இன்றைக்கு எனக்கு லீவு. நிதானமாக எழுதுகிறேன்.

நேற்று முதல் தடவையாக ஆட்களோடு இடது சீட்டில் உட்கார்ந்தேன். சிமுலேட்டரில் எத்தனையோ தடவை உட்கார்ந்த சீட்தான். அதே அளவு, அதே பட்டை. ஆனால் காலை வெளிச்சத்தில், பின்னால் ஆட்கள் பெட்டிகளை மேலே திணிக்கிற சத்தம் கேட்கும்போது, அது வேறு சீட் ஆகிவிட்டது. என் கை இன்னும் வலது சீட்டின் பழக்கத்தில்தான் இருந்தது. தண்ணீர் பாட்டிலைத் தேடி இரண்டு தடவை ஜன்னலில் இடித்துக்கொண்டேன்.

வலது பக்கத்தில் பயிற்சி கேப்டன். நமக்கு வகுப்பெடுத்தாரே, அந்த வழுக்கைத் தலைக்காரர். சக்கரம் நகர ஆரம்பித்ததும் தன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். குளிருகிறதோ என்று ஏசியைக் குறைக்கப் போனேன். "அது இல்லம்மா. என் கை சும்மா இருக்காது, பழக்கதோஷம். அதான் மேல உக்காந்துக்கிறேன்" என்றார். துணை விமானியின் வேலைக்கு மட்டும் கையை எடுத்துவிட்டு, உடனே மறுபடி அடியில் வைத்துக்கொண்டார். இத்தனை வருஷம் ஓட்டிய மனிதர், எனக்கு ஒரு பயணம் கணக்கில் சேரவேண்டும் என்பதற்காகத் தன் கைகள்மேல் உட்கார்ந்திருக்கிறார்.

மேலே ஏறியதும் பார்த்தேன். எதிரில் மேகங்கள், ஒன்றின்மேல் ஒன்றாக, நாம் பறக்கிற உயரத்தையும் தாண்டி நின்றன. உச்சியில் வெயில், அடியில் கறுப்பு, நடுவில் அவ்வப்போது உள்ளேயே ஒரு வெளிச்சம் வந்து போனது. இதே மாதிரி எத்தனை பார்த்திருக்கிறோம். வலது சீட்டிலிருந்து பார்க்கும்போது "அப்பாடா, எவ்வளவு அழகு" என்று தோன்றும். நேற்று அப்படித் தோன்றவில்லை. எனக்கு அதன் முன்னால் எழுந்து நிற்க வேண்டும்போல் இருந்தது. இடப்பக்கம் சுற்றிப் போகலாமா, வலப்பக்கமா என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பின்னால் ஒரு குழந்தை எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தது, கதவு வழியாகக் கேட்டது. அந்தச் சிரிப்பு என் பொறுப்பு. நான் இடப்பக்கம் திரும்பினேன். தரையிறங்கி எஞ்சினை அணைத்த பிறகுதான் வழுக்கைத் தலைக்காரர் கைகளை முழுசாக வெளியே எடுத்தார். இரண்டும் சிவந்துபோயிருந்தன.

மூவாயிரம் சொச்சம் மணி நேரம் எதற்குக் கேட்கிறார்கள் என்று நாம் எவ்வளவு திட்டியிருப்போம். கிண்டலும் கோபமுமாக எத்தனை காபி குடித்திருப்போம். நேற்று அந்த மேகத்தின் முன்னால் எனக்கு அது போதுமா என்று சந்தேகம் வந்தது.

சோடாபுட்டி சொன்னதைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை என்று உனக்கு வருத்தமா? கேட்டால் குறுக்கே வந்தேன் என்பாய். கேட்காவிட்டால் அக்கறை இல்லை என்பாய். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. சரி, கேட்டுவிடுகிறேன். போகப்போகிறாயா?

உன்
கடுகு

*

ஏப்ரல் 16

கேப்டன் அம்மா அவர்களுக்கு,

கடைசிப் பரிசோதனையிலும் தேறிவிட்டாய் என்று வண்டி ஓட்டுநர் சொல்லித்தான் தெரியும். "உங்க வீட்டம்மா நாலு கோடு வாங்கிட்டாங்க சார், ஸ்வீட் எங்க?" என்றார். வாங்கிக் கொடுத்தேன். மிச்சம் ஃபிரிட்ஜில் இருக்கிறது. வாழ்த்துகள் என்று இங்கே எழுதுகிறேன். நேரில் சொல்லும்போது என் முகம் எப்படி இருக்குமோ.

அடுத்த வார ரோஸ்டரில் யாருக்கு எந்தப் பயணம் என்று பார்த்திருப்பாய். திங்கட்கிழமை மதியம், நீ கேப்டன், நான் துணை. உன் தனிப் பொறுப்பில் முதல் பயணமே என்னோடு. பார்த்ததும் ரோஸ்டர் அறைக்குப் போய் என்னை மாற்றிவிடச் சொன்னேன். மறைக்காமல் சொல்கிறேன், கெஞ்சினேன் என்றுகூட வைத்துக்கொள். அங்கே இருக்கிற பெண் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினாள். "புதுக் கேப்டன் பக்கத்துல அனுபவம் உள்ள துணை விமானிதான் உக்காரணும் சார், அது சட்டம். அந்த வாரம் இருக்கிறவங்கள்ல அவ்வளவு மணி நேரம் உள்ளவர் நீங்க ஒருத்தர்தான். மத்தவங்கள்லாம் கேப்டன் ஆயிட்டாங்க" என்றாள். அவள் நல்ல மனதோடுதான் சொன்னாள்.

பழம் தின்று கொட்டை போட்டவன் என்பதால் எனக்குக் கிடைத்த மரியாதை இது.

மார்ச்சில் கேட்டாயே, பதில் சொல்கிறேன். போகலாம் என்றுதான் நினைக்கிறேன். சோடாபுட்டியின் கம்பெனிக்குச் சம்மதக் கடிதம் எழுதிவிட்டேன். இன்னும் அனுப்பவில்லை, பையில் இருக்கிறது. இந்த வீட்டில் நீ நல்லதுதான் செய்கிறாய், நான்தான் எரிகிறேன். உன் சட்டையில் அந்த நாலு கோட்டைப் பார்த்தபடி தினமும் இஸ்திரி போட என்னால் முடியுமா என்று தெரியவில்லை. தூரத்தில் இருந்தால் நல்லவனாக இருப்பேன் என்று தோன்றுகிறது.

ஒட்டகம்

*

ஏப்ரல் 19

அன்புள்ள ஒட்டகத்துக்கு,

நீ தூங்குகிறாய். எழுப்பலாமா என்று பக்கத்தில் வந்து நின்றேன். எழுப்பினால் சண்டை போடுவோம், நாளைக்கு நம் இருவருக்கும் தூக்கம் வேண்டும். எனக்குக் காலையிலேயே ஆபீசில் வேலை இருக்கிறது. முன்னால் கிளம்பிவிடுவேன், விமானத்தில் பார்க்கலாம்.

பையில் இருக்கிற கடிதத்தை அனுப்புவதும் அனுப்பாததும் உன் இஷ்டம். உன்னைப் போகாதே என்று சொன்னால் நீ இருந்துவிடுவாய். இருந்துவிட்டு வாழ்நாள் முழுக்க என்னைச் சொல்லிக்காட்டுவாய். அதனால் சொல்ல மாட்டேன். ஆனால் நீ போனால் எனக்கு இந்த வீடு வேண்டாம், அதையும் தெரிந்துகொள். தனியாக உட்கார்ந்து சாப்பிட்டே எனக்குச் சலித்துவிட்டது. இப்போதாவது நீ வருவாய் என்ற நினைப்பு இருக்கிறது.

நாளைக்கு ஒரே ஒரு வேண்டுகோள். நான் பெண்டாட்டி என்று விட்டுக்கொடுக்காதே. கேப்டன் என்று பயப்படாதே. உன் கண்ணுக்கு ஒன்று சரியில்லை என்று பட்டால் அந்த நொடியே வாயைத் திற. என்னிடம் கோபமாக இருந்துகொண்டே திற, பரவாயில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. இதை உன்னைத் தவிர யாரிடமும் சொல்ல முடியாது.

உன்
கடுகு

*

ஏப்ரல் 21

அன்புள்ள கடுகுக்கு,

நேற்று இறங்கியதும் உன்னைத் தலைமை விமானியின் அறைக்குக் கூட்டிப் போய்விட்டார்கள். நான் கம்பெனி வண்டியில் தனியாக வந்தேன். நீ வருவதற்குள் சோபாவிலேயே தூங்கிப்போனேன். காலையில் எழுந்தால் என்மேல் போர்வை இருக்கிறது, நீ இல்லை. நாளை மாலைதான் வருவாய் என்று ரோஸ்டர் சொல்கிறது. அதற்குள் இதை எழுதி முடிக்க வேண்டும். இல்லாவிட்டால் என் தைரியம் போய்விடும்.

நேற்று மதியம் நீ விமானி அறைக் கதவைத் திறந்து உள்ளே வந்ததிலிருந்து ஆரம்பிக்கிறேன். நான் என்ன நினைத்துக்கொண்டிருந்தேன் தெரியுமா? நீ ஏதாவது ஒரு இடத்தில் தடுமாறுவாய், நான் பெருந்தன்மையாகக் கைகொடுப்பேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்காகவே காத்திருந்தேன். நீ சீட்டை உயர்த்திக்கொண்டாய், முன்னால் இழுத்துக்கொண்டாய், "வணக்கம், இன்னைக்கு மழை இருக்கு, உங்களுக்கு என்ன தோணுதுன்னு அப்பப்ப சொல்லிட்டே வாங்க" என்றாய். நீங்க என்று என்னைத் தனியறையில் நீ கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஓடுபாதைக்கு அப்பால் மேகம் கறுத்து நின்றது. கீழே இருந்தவர்கள் "சீக்கிரம் கிளம்பலாமே மேடம், எல்லாம் ஏறியாச்சு" என்று நச்சரித்தார்கள். நீ என்னைக் கேட்டாய். கொஞ்சம் பொறுக்கலாம் என்றேன். ரேடாரைப் பார்த்தாய், ஜன்னலுக்கு வெளியே பார்த்தாய், எஞ்சினைப் போடாமல் உட்கார்ந்துவிட்டாய். நீயே மைக்கை எடுத்துப் பயணிகளிடம் காரணத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்டாய். அந்த மழை வந்து கொட்டிவிட்டுப் போகிறவரை நீ ஒரு நகத்தைக்கூடக் கடிக்கவில்லை. வீட்டில் குக்கர் விசில் தாமதமானால் அடுப்பங்கரையில் நடைபோடுகிறவள் நீ. பக்கத்தில் யாரோ ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

போகும்போது என்னை ஓட்டவிட்டாய், பிறகு திரும்பி வரும்போது நம் ஊரில் அந்த இறக்கம்.

மழை விட்டு வெயில் வந்திருந்தது. ஓடுபாதை ஈரத்தில் தகடுபோல் மின்னியது. நீ ஓட்டிக்கொண்டிருந்தாய். எல்லாம் நூல் பிடித்த மாதிரி இருந்தது, குறை சொல்ல ஒன்றுமில்லை. தரையிலிருந்து ஐம்பதடிக்குக் கொஞ்சம் மேலே இருக்கும்போது, தொடுகிற இடத்துக்குச் சற்றுத் தள்ளி ஏதோ ஒன்று தாழ்வாக, குறுக்கே ஓடியதைப் பார்த்தேன். பார்த்தேன் என்றுதான் நினைக்கிறேன். வாய் தானாகத் திறந்தது. "கோ அரவுண்ட்" என்றேன்.

இறங்காதே, மேலே ஏறு. அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். துணை விமானி சொன்னால் கேப்டன் கேட்டே ஆக வேண்டும் என்று நாம் மனப்பாடம் செய்தது. அந்தச் சொல் என் வாயிலிருந்து முழுதாக வெளியே வந்ததா என்று தெரியவில்லை, உன் கை முன்னால் போய்விட்டது. எஞ்சின் அலறியது. மூக்கு மேலே எழும்பியது. ஓடுபாதை என் காலுக்கு அடியில் நழுவிப்போனது. நான் சக்கரத்தை உள்ளே இழுத்தேன், கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்குச் சொன்னேன், என் குரல் நடுங்கியது. உன்னுடையது நடுங்கவில்லை. உயரம் வந்ததும் நீ மைக்கை எடுத்து, "ஓடுபாதை தெளிவா இல்லைன்னு எங்களுக்குத் தோணினதால மறுபடி சுத்தி வர்றோம், பயப்பட ஒண்ணுமில்ல" என்றாய். அதன்பிறகு என் பக்கம் திரும்பி, "இரண்டாவது இறக்கத்துக்குத் தயாரா?" என்று மட்டும் கேட்டாய். என்ன பார்த்தாய், எங்கே பார்த்தாய், நிஜமாகவே பார்த்தாயா என்று ஒன்றுமே கேட்கவில்லை.

கீழே வண்டி அனுப்பித் தேடினார்கள். ஒரு நாயும் இல்லை, ஒரு பறவையும் இல்லை, ஒரு காகிதத் துண்டுகூட இல்லை. நாம் இறங்கியதும் படிக்கட்டுக்கு வந்த ஆள், "என்ன சார், வீட்டுச் சண்டையை மேலயே ஆரம்பிச்சிட்டீங்களா?" என்று சிரித்தான். அப்போதுதான் எனக்கு அந்தப் பயம் வந்தது. ஈரத்தில் விழுந்த ஏதோ ஒரு நிழலா அது? அல்லது என் பொறாமையே என் கண்ணுக்கு முன்னால் ஓடியதா? உன் முதல் இறக்கத்தைக் கெடுக்க என் மனதே ஒன்றைக் காட்டியதா? வண்டியில் வரும்போது முழுக்க அதையே நினைத்தேன். இப்போதும் எனக்கு விடை தெரியவில்லை.

எனக்குத் தெரிந்தது வேறு ஒன்று. உன் இடத்தில் நான் இருந்திருந்தால், ஓடுபாதை காலியாகக் கண்ணில் தெரிந்துகொண்டிருக்கும்போது பக்கத்திலிருப்பவன் கத்தினால், நான் "ஏன்?" என்று கேட்டிருப்பேன். சிமுலேட்டரில் கேட்க மாட்டேன், தேர்வில் கேட்க மாட்டேன். நேற்று கேட்டிருப்பேன். அந்தக் கேள்விக்குப் பதில் வருவதற்குள் சக்கரம் தரையைத் தொட்டிருக்கும். பக்கத்தில் இருக்கிறவன் உன்மேல் வெந்துகொண்டிருக்கிறான், பையில் உன்னை விட்டுப் போகிற கடிதத்தோடு உட்கார்ந்திருக்கிறான். அது உனக்குத் தெரியும். தெரிந்தும் அவன் சொல்லை எடுத்துக்கொண்டு மேலே ஏறினாய். அந்த நேரத்தில் உன்னைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது கடுகு. கோயிலுக்குள் நுழையும்போது வருமே, அப்படி ஒரு பயம். ஏழு வருஷம் கூட இருந்தும் உன்னை நான் பார்த்ததே இல்லை.

சோடாபுட்டிக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டேன். "பைத்தியமா உனக்கு? மணி நேரம் இருக்கு, சீட் இருக்கு, வேற என்னடா வேணும்?" என்றான். இன்னும் கொஞ்சம் மணி நேரம் வேணும்டா என்றேன். அவனுக்குப் புரியவில்லை. எனக்கே நேற்றுதான் புரிந்தது. குறைவாகக் கேட்கிறார்கள் என்பதற்காக ஓடிப்போய் அந்த சீட்டில் உட்கார்ந்து, ஒருநாள் யாரோ ஒரு சின்னப் பையன் பக்கத்திலிருந்து கத்தும்போது ஏன் என்று கேட்கிறவனாக நான் இருக்கக் கூடாது. இங்கேயே இருந்து நிறைக்கிறேன். உன் பக்கத்தில் உட்கார்ந்தே நிறைக்கிறேன்.

நீ என்மேல் சந்தேகப்பட்டால் அதைச் சொல்லிவிடு. தாங்கிக்கொள்வேன்.

உன்
ஒட்டகம்

*

ஏப்ரல் 22

அன்புள்ள ஒட்டகத்துக்கு,

மாலை வந்தேன், படித்தேன். நீ கிளம்பிப் போயிருக்கிறாய். சாப்பிடாமல்தான் படித்தேன், அதனால் அழுதுவிட்டுச் சாப்பிட்டேன்.

சந்தேகமா? ஒரு நொடிகூட இல்லை. தலைமை விமானி என்னைக் கேட்டார். "நீங்க ஏதாவது பார்த்தீங்களா?" இல்லை என்றேன். "கோபுரத்துல யாராவது பார்த்தாங்களா?" இல்லை. "அப்ப எதுக்கும்மா மேல ஏறினீங்க?" அவர் சொன்னார் சார் என்றேன். பேனாவை மூடிவைத்தார். பிறகு "சரி, வீட்டுக்குப் போங்க" என்றார். அவ்வளவுதான் விசாரணை.

ஆனால் நீ நினைக்கிற அளவுக்கு நான் பெரிய மனுஷி இல்லை. நேற்று முழுக்க இதைத்தான் யோசித்துக்கொண்டு பறந்தேன். வேறு யாராவது சொல்லியிருந்தால் என் கை அவ்வளவு வேகமாகப் போயிருக்குமா? எனக்குத் தெரியவில்லை. உன் குரல் கேட்டது, கை போய்விட்டது. நீ என்மேல் கோபமாக இருந்திருக்கிறாய், பேசாமல் இருந்திருக்கிறாய், ஈரத் துண்டைத் தலையணையில் போட்டிருக்கிறாய். ஒருநாளும் என்னிடம் இல்லாததை இருக்கிறது என்று சொன்னதில்லை. அங்கே ஏதோ ஓடியது. அது என்ன என்று இனித் தெரியப்போவதில்லை, எனக்கு அது வேண்டியதும் இல்லை. நீ என்னைப் பார்த்துப் பயந்தாய் என்கிறாய். நானும்தான் பயந்தேன். ஒரு மனிதன் தன் நெஞ்சு எரிந்துகொண்டிருக்கும்போதே வாயைத் திறந்து பக்கத்தில் இருப்பவளைக் காப்பாற்றுகிறான் என்றால் அதை என்னவென்று சொல்வது?

இன்னொன்று எழுத வேண்டும். இதை உனக்கு முன்பே நான் கண்டுபிடித்துவிட்டேன் என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்.

திங்கட்கிழமைதான் நாம் முதல் தடவையாக ஒரே விமானத்தில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். ஏழு வருஷம் ஒரே கம்பெனி, ஒரே வானம், ஒரு தடவைகூட இல்லை. ஏன் என்று யோசித்தாயா? இரண்டு துணை விமானிகளைச் சேர்த்து அனுப்ப மாட்டார்கள், ஒருவர் கேப்டனாக இருந்தாக வேண்டும். நாளைக்கு நீயும் கேப்டன் ஆகிவிட்டால் இரண்டு கேப்டன்களைச் சேர்த்தும் அனுப்ப மாட்டார்கள். நீ ஒரு திசையில் போவாய், நான் ஒரு திசையில் போவேன், ஓய்வு பெறும்வரை அப்படியேதான். நான் ஆகி நீ ஆகாமல் இருக்கிற இந்தக் கொஞ்ச காலம் மட்டும்தான் நமக்கு வாய்த்திருக்கிறது. நீ இத்தனை நாள் அவமானம் என்று நினைத்துக் குமைந்தாயே, நம் வாழ்நாளில் நாம் சேர்ந்து உட்கார்ந்து அந்த மேகங்களைப் பார்க்கக் கிடைத்த ஒரே இடம் அதுதான்.

நீ நாலாவது கோடு வாங்குகிற நாளில் எல்லோருக்கும் முன்னால் நான்தான் கைதட்டுவேன். அன்றைக்கே யாருக்கும் தெரியாமல் போய் அழவும் செய்வேன். அதனால் உன் மணி நேரம் சேரட்டும், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். கொஞ்சம் மெதுவாகச் சேரட்டும்.

மே மாத ரோஸ்டர் வந்துவிட்டது. முதல் வியாழக்கிழமை நாம் இருவரும் ஒரே பயணத்தில் இருக்கிறோம். வண்டி காலையில் வரும். அன்றைக்கு ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு ஓட வேண்டாம், சேர்ந்தே கிளம்பலாம்.

உன்
கடுகு